மலர்கொடி போடாத கையெழுத்து

மூன்றாவது முறையும் நிராகரித்துவிட்டார்கள்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. அதன் உள்ளறையில் உட்கார்ந்து வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவர் மலர்கொடி. கம்ப்யூட்டரில் வந்திருந்த கடிதத்தை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். மனையின் குறுக்கே ஓடை செல்வதால் கட்டட அனுமதி வழங்க இயலாது. ஒரே வரி. அந்த வரியை மாற்றத்தான் நான் எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தேன்.

"ஓடையாம் ஓடை! அதுல ஒரு சொம்பு தண்ணி மொண்டு காட்டச் சொல்லுங்க, நான் வூடே கட்டல" என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மலர்கொடி கையிலிருந்த பேனாவுக்கு மூடியைப் போட்டார். வேண்டாத பேச்சு வந்தால் பேனாவை மூடிவிடுவது அவர் பழக்கம். எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

என் பெயர் குருநாதன். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். படியில் தொங்குகிறவனைத் திட்டித் திட்டியே தொண்டை கெட்டுப்போனது. அப்படிப்பட்ட நான் ஒரு பெண்ணைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அவர் எனக்குப் போட மறுத்த ஒரு கையெழுத்துதான் காரணம்.

என் மனைவி பஞ்சவர்ணத்துக்குச் சர்க்கரை நோயால் வலது கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நாங்கள் இருப்பது ஜெயங்கொண்டத்தில் ஒரு மாடி வீட்டில், வாடகைக்கு. பதினேழு படி. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் கீழே தையல் கடை வைத்திருக்கும் பழனிவேலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குவோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு படிகளை எண்ணுவாள். பதினேழு என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பாள். தரைவீடு வாடகைக்குத் தேடியும் பார்த்தேன். ஒன்றும் அமையவில்லை.

ஆண்டிமடத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் அப்பா விட்டுப்போன இடம் பன்னிரண்டு சென்ட் இருக்கிறது. படியே இல்லாத ஒரு வீடு, வாசலில் சறுக்கலாக ஒரு சிமெண்டுத் தளம், நாற்காலி வண்டி உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான கதவுகள். நான் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த நிலத்தின் சர்வே படமான புலப்படத்தில் நடுவாக ஒரு கோடு ஓடுகிறது. அதன்மேல் 'ஓடை' என்று எழுதியிருக்கிறது. ஓடையிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்றால், பன்னிரண்டு சென்ட்டில் ஒரு கோழிக்கூண்டு வைக்கக்கூட இடம் மிஞ்சாது.

முதல் இரண்டு விண்ணப்பங்களை வேறொருவர் போட்டார். நிலத்தை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவதுக்குத்தான் மலர்கொடியிடம் வந்தேன். நாற்பத்திரண்டு வயது. செந்துறைப் பக்கத்துக்காரர். டிப்ளமோ சிவில் படித்தவர். கணவர் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகள் பிரவீணா பிளஸ் டூ படிக்கிறாள். ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பையில் டேப்பும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். மனையைப் பார்க்காமல் ஒரு கோடு போடமாட்டார். மனைக்கு வந்தால் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிடுவார். "இன்ஜினியரம்மா கோயிலுக்கா வந்திருக்காங்க?" என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். மேடு பள்ளம் கண்ணைவிடக் காலுக்குத்தான் சீக்கிரம் தெரியும் என்றார்.

மூன்றாவது நிராகரிப்பு வந்த அன்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் புலப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"போன தடவை மனையத்தான் சார் பாத்தேன். இந்தக் கோட்டைப் பாக்கல. இது எங்க போயி முடியுதுன்னு பாக்கணும்."

போனோம். செம்மண் நிலம், புரட்டாசி வெயில். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்தார். குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் மண் பொலபொலவென்று இருந்தது. கோடு போகும் இடம் மட்டும் கட்டாந்தரை. எங்கள் எல்லையைத் தாண்டி நேராகப் போனவர், காசிநாதனின் முந்திரித் தோப்பு வேலியில் போய் நின்றார். அங்கே இரண்டு பனைகளுக்கு நடுவே வண்டி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைக் கருவேல முள் வைத்து அடைத்திருந்தார்கள்.

"ஓடைன்னா ஏரிக்கோ குளத்துக்கோ போவணும். இது ஒரு தோப்பு வாசல்ல வந்து நிக்குது" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "இது என்னதுங்க சார்?"

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

எண்பதுகளில் நிலத்தையெல்லாம் மறுபடி அளந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அளக்க வந்தவர் வெளியூர்க்காரர். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொடி பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிற நிலத்துக்காரன் 'இது வாய்க்கால், இது பாதை, இது களம்' என்று சொல்லிக்கொண்டே வருவான். அவரும் அதை எழுதிக்கொண்டே வருவார். அந்த வருஷம் என் அப்பா வீரமுத்துவுக்கும் காசிநாதனின் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏதோ கல்யாணத்தில் பந்தியில் உட்காரவைத்த வரிசை பிடிக்கவில்லையாம். காசிநாதன் வீட்டு மாட்டு வண்டி தோப்புக்குப் போவது எங்கள் நிலத்தின் குறுக்கே ஓடிய வண்டிப்பாதையில்தான். சர்வே நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அப்பா அந்தப் பாதையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார். நானும் மண்வெட்டி பிடித்தேன். அளக்க வந்தவர் கேட்டபோது, "ஓடைங்க" என்றார் அப்பா. ஓடையில் வண்டி ஓட்ட யாருக்கும் உரிமை கிடையாதே. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பள்ளம் இரண்டு மழையில் தூர்ந்துவிட்டது. எழுத்து தூரவில்லை. காசிநாதன் குடும்பம் இன்றுவரைக்கும் முந்திரிக்கொட்டை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் நடக்கிறது.

இதை நான் மலர்கொடியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வேறொரு வழியைப் பிடித்தேன். சின்ன வீடுகளுக்கு நாமே உறுதிமொழி கொடுத்து ஆன்லைனில் அனுமதி எடுக்கும் முறை வந்திருந்தது. டீக்கடைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஆபீஸ் படி ஏறாமல் ஏழை வீடு கட்டலாம் என்று ஒரு கட்சி. இனி ஏரிக்குள்ளேயும் மாடி வீடு முளைக்கும் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

"ஆன்லைன்லேயே போட்டுடுங்க. நீர்நிலை, பாதை எதுவும் இல்லன்னு நான் கையெழுத்துப் போடுறேன். நீங்களும் ஒண்ணு போடுங்க. முடிஞ்சுபோச்சு" என்றேன்.

"நீர்நிலை இல்லன்னு போடுவேன் சார். பாதை இல்லன்னு போடமாட்டேன்."

"பாதைன்னு யாரு சொன்னா?"

"என் காலு சொல்லுது. நீங்களும் சொல்லணும். அது பாதைன்னு நீங்களும் பக்கத்து நிலத்துக்காரரும் எழுதிக் கொடுத்தா, மறு அளவைக்குப் போட்டு ஓடையை எடுத்துடலாம். பாதைக்குப் பன்னெண்டு அடி விட்டாலும் கெழக்கால ஒரு வூடு நிக்கும்."

"என் நிலத்தை நான் எதுக்கு விடணும்? சட்டமே தளர்ந்துடுச்சு, உங்க கை தளர மாட்டேங்குதே! உங்களுக்கு என்ன அவ்வளவு பெரிய ஹரிச்சந்திரன் வேஷம்?"

பேனாவை மூடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை. பேசினார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு இன்ஜினியரிடம் வேலை பார்த்தார். திருமழபாடிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு பிளான். மனையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் கொள்ளிடத்துக்கு வடியும் ஒரு வாய்க்கால். இன்ஜினியர், "பிளான்ல அந்த வாய்க்கால் கோட்டைப் போடாம விட்டுடு" என்றார். இவர் விட்டுவிட்டார். அனுமதி வந்தது, வாய்க்கால் இருந்த இடத்தில் வீடும் வந்தது. அன்றிலிருந்து ஐப்பசி வந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துப் படுக்கிறார்கள்.

"என்னை அவங்க ஒரு வார்த்தை திட்டினதில்ல சார். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. காதுகுத்து, வளைகாப்பு எதுன்னாலும் கூப்பிடுவாங்க. எங்க வூட்டு பிளான் போட்டவங்கன்னு சொந்தக்காரங்ககிட்ட பெருமையா காட்டுவாங்க. நான் போயி மொய் வெச்சுட்டு வந்துடுவேன். அங்க ஒரு வாய் சோறு எனக்கு எறங்குனதில்ல."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வீடு வருமா? "உங்க பாவத்துக்கு எம்பொண்டாட்டியா பரிகாரம் பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு எழுந்துவந்தேன். கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த வாரம் காலையில் ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது, பதினோராவது படியில் பழனிவேலின் கால் வழுக்கிவிட்டது. மழை ஈரம். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் சுவரோடு முதுகை முட்டுக்கொடுத்து நாற்காலியைப் பிடித்தேன். பஞ்சவர்ணம் பாதி வெளியே தொங்கினாள். என் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. பழனிவேல் முட்டிபோட்டபடியே வந்து நாற்காலியின் காலைப் பிடித்தான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. கீழே இறக்கியதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"பதினொண்ணுக்கு மேல எண்ண மறந்துட்டேங்க" என்று அழுதாள்.

அன்றைக்கே பெரம்பலூருக்குப் போய் வேறொருவரைப் பிடித்தேன். நிலத்தைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனுக்கு ஓ.டி.பி. நம்பர் வரும், கேட்கும்போது அதைச் சொன்னால் முடிந்தது என்றார்.

அதே வெள்ளிக்கிழமை காலையில் அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். கட்டட விதிகளை இன்னும் தளர்த்துவது பற்றி மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று வீடு கட்டுபவர்கள் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. குறிப்பெடுக்க சுதர்சன் என்று ஓர் அதிகாரியும் வந்திருந்தார். மூன்று தடவை நிராகரிக்கப்பட்டவன் என்ற பெருமையில் நானும் பேச்சாளர். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் திரட்டினேன். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவரைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காசிநாதன்.

"பஞ்சவர்ணம் தங்கச்சி விசயம்னு சொன்னாங்க. வராம இருப்பனா?" என்றார். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கூட்டம் சூடாகத்தான் இருந்தது. மனை விற்பவர் ஒருவர், விதி என்று ஒன்று இருப்பதே லஞ்சத்துக்குத்தான் என்றார். ஒரே கைதட்டல். கொள்ளிடக் கரையிலிருந்து வந்த ஒரு விவசாயி, "தண்ணி வர்ற வழியில கட்ட வுட்டீங்கன்னா, எங்க வயலுக்குள்ளதான வந்து நிக்கும்?" என்று கேட்டார். அவரைப் பேசவிடாமல் உட்காரவைத்தார்கள். கடைசி வரிசையில் மலர்கொடி மடியில் ஒரு நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. பஞ்சவர்ணத்தின் காலில் ஆரம்பித்து, பதினேழு படி, பதினோராவது படி, மூன்று கடிதம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பேசப் பேச எனக்கே அழுகை முட்டியது. "இல்லாத ஓடைக்காக ஒரு பொம்பளையக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது.

சுதர்சன் எழுந்தார். "ஓடை இல்லேன்னு பக்கத்து நிலத்துக்காரர் யாராச்சும் சொல்வாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காசிநாதன் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றேங்க. நான்தான் பக்கத்து நிலம். அறுபது வருசமா பாக்குறேன். அங்க ஓடை கெடையாதுங்க."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"இப்பவே கொடுக்கிறேங்க."

"சரி. அப்படின்னா மறு அளவைக்கு நானே பரிந்துரை பண்றேன். ஆனா படத்துல ஒரு கோடு இருக்கே. ஓடை இல்லேன்னா அங்க என்ன இருந்துச்சு?"

காசிநாதன் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு அதிகாரி அவரிடம் நேருக்கு நேர் கேட்கிறார். பாதை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவருடைய வழி அவருக்குத் திரும்பிவிடும்.

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் நெலம்" என்றார் காசிநாதன்.

நான் ஜெயித்துவிட்டேன். நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு சென்ட்டும் என்னுடையது, சறுக்குத் தளம் வைத்த வீடும் என்னுடையது. கடைசி வரிசையைப் பார்த்தேன். மலர்கொடி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"பாதைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "வண்டிப்பாதைங்க. அவர் தோப்புக்குப் போற பாதை. எங்கப்பாதான் ஓடைன்னு பொய் சொல்லி எழுத வெச்சாரு. பள்ளம் வெட்டுறப்ப நானும் மண்வெட்டி புடிச்சேன்."

யாரோ சிரித்தார்கள். "அப்ப இத்தன நேரம் யாரைய்யா திட்டுன?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்காகக் கைதட்டியவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காசிநாதன் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பி வரும்போது வேனில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"சாவுற வரைக்கும் எங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. வீரமுத்து நல்லவன்தான், என்னிக்காச்சும் ஒருநாள் சொல்லிடுவான்னு."

அன்று சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து போன் வந்தது. வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நடந்ததைக் கேட்ட பஞ்சவர்ணம், இன்னும் எத்தனை மாதம் இந்தப் படி என்று மட்டும் கேட்டாள்.

எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. கார்த்திகையில் அளக்க வந்தார்கள். காசிநாதன் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும் நின்றோம். இது என்ன என்று கேட்டார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மலர்கொடி பாதைக்குப் பன்னிரண்டு அடி விட்டு, கிழக்கே பிளான் போட்டார். நான் ஆசைப்பட்டதைவிட ஓர் அறை குறைவு. கையெழுத்தை எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் போட்டார். பங்குனி முதல் வாரத்தில் அனுமதி வந்தது.

இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். உள்ளறை பூட்டியிருந்தது. நான் அறிந்து அது பூட்டிக் கிடந்த நாளே இல்லை. மறுநாள் போனேன். உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"திருமழபாடிக்குப் போயிருந்தேன் சார். நீங்க அத்தனை பேருக்கு முன்னால சொன்னதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளல. அந்த வூட்டம்மாகிட்ட சொல்லிட்டேன். கோட்டை விட்டது நான்தான்னு."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தா பரவால்லையே" என்றார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "அவங்க வூட்டுக்காரரு நாலு வருசம் முன்னாடி எறந்துட்டாரு. அவருதான் கடக்காலைத் தாழப் போட்டுட்டாருன்னு ஒவ்வொரு மழைக்கும் அவரைத் திட்டியிருக்காங்க. அவரும் ஆமாம்மா, எந்தப்புதான்னு கேட்டுக்கிட்டே இருந்து போய்ச் சேந்துட்டாரு. இனிமே நான் யாருகிட்ட போயி மன்னிப்புக் கேப்பேன்னு தரையில உக்காந்து அழுதாங்க சார்."

நான் இனிப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அவரே எழுந்து, பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அந்த வாய்க்காலை மறுபடி தோண்டி எடுக்கணும். வூட்டைச் சுத்தி எவ்வளவு எடம் இருக்குன்னு அளக்கப் போறேன். மறுமுனையைப் புடிக்க ஒரு ஆள் வேணும் சார்" என்றார்.

போனேன். அந்த வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றியபோது நானும் கழற்றினேன்.